டெக்கில் ரெய்லிங் போடும் முன் பலகையைக் கழற்றிப் பாருங்கள்

திருமங்கலத்தில் எங்கள் அப்பா கிரில் பட்டறை வைத்திருந்தார். நான் டொரொண்டோ பக்கம் பதினோரு வருடம் வீடு வைத்து வாழ்ந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே வீடு வாங்கியதும் எனக்குப் போன் போட்டுக் கேட்பது இதைத்தான்: "அண்ணே, பின்னாடி டெக்குல மரக் கைப்பிடி ஆடுது. மெட்டல் ரெய்லிங் போட்டுரலாமா?"

டெக் என்றால் அங்கே வீட்டை ஒட்டி மரத்தில் கட்டும் திறந்த மேடை. மெட்டல் ரெய்லிங் போடலாம். நல்ல வேலைதான். ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் போய் போட்டால் ஆபத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நம் மொட்டைமாடியில் ரெய்லிங் போடுவது எப்படி? கான்கிரீட்டில் துளை போட்டு, கம்பியை இறக்கி, சிமெண்டுக் கலவை ஊற்றுவோம். அல்லது ஆங்கர் போல்ட் அடிப்போம். அடியில் இருப்பது கல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். டெக் அப்படி இல்லை. மேலே தெரியும் பலகையின் கனம் ஒரு அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குக் கீழே ஜாய்ஸ்ட் என்று சொல்லும் குறுக்குக் கட்டைகள், நடுவில் வெறும் காற்று. அந்தப் பலகையில் மட்டும் தூணைத் திருகினால், ரெய்லிங் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை.

சித்திரைத் தேர் அன்று மாசி வீதி மாடிகளைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடிச் சுவர் நெடுக ஜனம் சாய்ந்து, பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்க முன்னால் இருப்பவர்களைத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். உங்கள் டெக்கிலும் ஒரு பிறந்தநாள் அன்று குரூப் போட்டோவுக்குப் பத்துப் பேர் அப்படித்தான் சாய்வார்கள். அமெரிக்க விதி ரெய்லிங் உச்சியில் 200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 90 கிலோ தள்ளுதலைத் தாங்கச் சொல்கிறது. 36 அங்குல உயரத்தில் தள்ளினால் தூண் கடப்பாரை மாதிரி வேலை செய்யும். தூணின் அடித்தட்டில் வெளி விளிம்பிலிருந்து உள்பக்கத்து போல்ட் மூன்றரை அங்குலம் தள்ளி இருந்தால், அந்தப் பக்கத்து போல்ட்டுகளை மேலே பிடுங்கும் விசை பத்து மடங்கு, கிட்டத்தட்ட 900 கிலோ. பலகையில் ஏறிய திருகாணி அதற்குத் தாங்காது.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. முதல் வருடம் நானே பலகையில் திருகி முடித்தேன், அசையாமல் நின்றது. ஒரு பனிக்காலம் கழிந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு காலையில் காபி டம்ளரோடு ரெய்லிங்கில் சாய்ந்தார். தூண் மெல்ல வெளியே சரிந்தது. நல்லவேளை, விழவில்லை. அன்றே கழற்றினேன். ஒரு திருகாணியை விரலாலேயே சுற்றி எடுக்க முடிந்தது. மறையில் மரநாரும் துருத்தூளும் அப்பியிருந்தன.

ஆகவே முதல் வேலை, தூண் வரும் இடத்தில் பலகையைக் கழற்றுவது. அடியில் ஜாய்ஸ்டுக்கும் ஜாய்ஸ்டுக்கும் நடுவே, அதே உயரத்துக்குக் கனமான கட்டைகளை வைத்து இருபக்கமும் இறுக்குங்கள். இதைத்தான் அங்கே பிளாக்கிங் என்கிறார்கள். தூணின் போல்ட் பலகையையும் இந்தக் கட்டையையும் முழுக்கத் துளைத்துக் கீழே வந்து, தகட்டு வாஷரும் நட்டும் போட்டு முடிய வேண்டும். ஓரத்துக் கட்டையின் பக்கவாட்டில் தூணைப் பொருத்தினாலும் இதே கதைதான். அந்த ஓரக் கட்டையையும் பின்னால் இருக்கும் ஜாய்ஸ்டோடு இரும்புக் கிளாம்பால் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் தூணோடு கட்டையும் சேர்ந்து திரும்பும். ரெய்லிங் பெட்டிக்குள் வரும் வரைபடத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அடுத்தது போல்ட். அங்கே டெக் மரத்தில், மரம் மக்காமல் இருக்க, பெரும்பாலும் செம்பு கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அது சாதா இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். ஹாட் டிப் கால்வனைஸ்டு (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது) அல்லது ஸ்டெயின்லெஸ் போல்ட் மட்டும் வாங்குங்கள். நட்டும் வாஷரும் அதே வகையாக இருக்கட்டும். அலுமினியத் தூணுக்கும் மரத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் தகடு கட்டாயம். வெட்டிய, துளைத்த மரமுகத்தில் அதற்கென்று விற்கும் மருந்தைத் தடவுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் நகராட்சி விதியைப் பாருங்கள், பெர்மிட் தேவையா என்றும் கேளுங்கள். டொரொண்டோ இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தரைக்கும் டெக்குக்கும் 600 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தடுப்பு வேண்டும். டெக் 1.8 மீட்டர் வரை உயரம் என்றால் தடுப்பு 900 மில்லிமீட்டர், அதற்கு மேல் போனால் 1070. அமெரிக்காவில் பொதுவாக 30 அங்குலத்துக்கு மேல் போனால் தடுப்பு, உயரம் 36 அங்குலம். கலிபோர்னியாவில் 42. இரண்டு நாட்டிலும் கம்பி இடைவெளியில் நாலு அங்குலப் பந்து நுழையக் கூடாது, குழந்தையின் தலை சிக்காமல் இருக்கத்தான். நம் ஊர் எஸ்.எஸ். ரெய்லிங் மாதிரிப் படுக்கைக் கம்பி ஆசைப்படாதீர்கள். குழந்தைகளுக்கு அது ஏணி. நேர்க்கம்பி போடுங்கள்.

அப்புறம் நம் ஊரில் கேள்விப்படாத ஒரு விஷயம். இரும்புக் குழாய்த் தூணுக்குள் மழைநீர் தங்கினால் பனிக்காலத்தில் உறைந்து, விரிந்து, குழாயையே பிளந்துவிடும். மேலே மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அடியில் தண்ணீர் வடிய சிறு ஓட்டை இருக்க வேண்டும். கம்பியை டெக்கின் மேல் வைத்து அறுக்கவும் வேண்டாம். தெறிக்கும் இரும்புத்தூள் அடுத்த மழையில் துருப்புள்ளியாகி மரத்தில் படிந்துவிடும். புல்தரையில் தார்ப்பாய் விரித்து அறுங்கள். வெட்டிய முனையில் உடனே டச்-அப் பெயிண்ட் அடியுங்கள்.

புதிய மருந்து மரம் ஈரமாகத்தான் வரும். காய்ந்ததும் சுருங்கும், நீங்கள் இறுக்கிய நட்டு தளரும். முதல் கோடை முடிந்ததும் டெக்குக்கு அடியில் படுத்து ஒவ்வொரு நட்டையும் ஸ்பானரால் ஒரு சுற்று பாருங்கள். பிறகு மேலே வந்து ஒவ்வொரு தூணின் உச்சியையும் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். தலை அசைந்தால் அந்த இடத்துப் பலகையை மறுபடி கழற்றி, கட்டை ஜாய்ஸ்டோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.