வெள்ளைக் கற்களைக் கீறிப் பார்த்து இனங்காணும் முறை

ஜிப்சம், கால்சைட், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய நான்கும் வெள்ளையாகவே கிடைப்பதுண்டு. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், கீறிப் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடின வரிசையே இதற்கு அடிப்படை. டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃப்ளூரைட் 4, அபடைட் 5, ஃபெல்ஸ்பார் வகையான ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, குருந்தம் 9, வைரம் 10 என்ற இவ்வரிசையில், எண் கூடிய கனிமம் எண் குறைந்ததைக் கீறும். குருந்தத்தின் ஆங்கிலப் பெயரே (corundum) நம் சொல்லிலிருந்து பிறந்தது என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும்.

விரல் நகம் (சுமார் 2.5), செம்புக் கம்பி (சுமார் 3), பேனாக் கத்தி, கண்ணாடித் துண்டு (இரண்டும் சுமார் 5.5), எஃகு அரம் (சுமார் 6.5) ஆகியவை போதும். பழைய கையேடுகள் செப்புக் காசைச் சொல்லும். இன்றைய ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு என்பதால் அதற்கு ஈடாகாது.

காற்றும் மழையும் பட்டு இளகிய மேற்பரப்பைத் தவிர்த்து, புதிதாக உடைந்த வழவழப்பான முகத்தில், கருவியின் முனையை அழுத்தி அரை அங்குல நீளத்துக்கு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நகம் கீறினால் ஜிப்சமாக இருக்கலாம். நகத்துக்கு மசியாமல் கத்திக்கு எளிதில் கீறுபட்டால் கால்சைட்டை நினைக்கலாம். கண்ணாடியைக் கீறியும் அரத்துக்கு இடங்கொடுப்பது ஃபெல்ஸ்பார், அரத்துக்கும் அசையாதது குவார்ட்ஸ்.

பெரும்பாலோர் தவறுவது கோட்டைப் படிப்பதில்தான். கல் கத்தியைவிடக் கடினமாக இருந்தால் கத்தியின் உலோகமே தேய்ந்து கல்லின் மேல் சாம்பல் நிறக் கோடாகப் படியும், அது கீறல்போலவே தோன்றும். ஆகவே ஈர விரலால் துடைத்துவிட்டு, நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பள்ளம் தட்டுப்படுகிறதா என்று பார்த்து, பிறகு கல்லின் கூரிய முனையால் கருவியையும் கீறிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று மெல்லக் கீறினால் கடினம் ஏறத்தாழச் சமம். மணல்மணியாக உதிரும் கல்லில் கீறல் விழுவது மணிகள் பெயர்வதாலேயே நேரலாம். அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இவ்வெண்கள் வரிசையைத்தான் காட்டும், இடைவெளியை அல்ல: குருந்தத்துக்கும் வைரத்துக்கும் இடையே ஒரே படி என்றாலும், வைரம் பல மடங்கு கடினமானது. கயனைட் போன்ற சில கனிமங்களில் நீளவாக்கில் சுமார் 5, குறுக்குவாக்கில் சுமார் 7 என்று திசைக்கேற்பக் கடினம் மாறுவதால், ஒரே முகத்தில் இரு திசைகளிலும் கீறிப் பார்ப்பது நல்லது.