ஸ்கேல் வாசிக்கும்போது கட்டைவிரல் இடிக்குதா, இத பண்ணிப் பாருங்க

மார்த்தாண்டம் பக்கத்துல எங்க சர்ச் கொயருக்கு கீபோர்டு வாசிக்கணும்னு சி மேஜர் ஸ்கேல், அதாவது ச ரி க ம-ன்னு சுரங்கள வரிசையா வாசிக்குறது, பழக ஆரம்பிச்சேன். எல்லாமே வெள்ளைக் கட்டை, கர்நாடக சங்கீதம் படிச்சவங்களுக்கு நம்ம சங்கராபரணம்தான். வலது கை விரல் 1 2 3 1 2 3 4 5, கட்டைவிரல்தான் 1. க முடிச்சு ம-வுக்கு கட்டைவிரல் அடியில போகுற இடத்துல முழங்கை வெளிய தூக்கி, அந்த ம மட்டும் டங்குனு தனியா கேக்கும், எவ்வளவு மெதுவா வாசிச்சாலும் போகல.

கொயர்ல ஒரு அண்ணன் பாத்துட்டு, "மக்களே, நீ மொதல்ல பி மேஜர் வாசி"ன்னாரு. அதுல 5 கறுப்புக் கட்டையும் வரும், ஆனா விரல் நம்பர் அதேதான், நீளமான விரலெல்லாம் மேல கறுப்புல நிக்குறதால கட்டைவிரலுக்கு அடியில தாராளமா எடம் கெடைக்கும். பெரிய பியானோ மேதை ஷோப்பினே மாணவங்களுக்கு பி மேஜர்லதான் ஆரம்பிச்சு சி மேஜர கடைசியா வச்சாராம், எவ்வளவு அருமையான யோசனை!

கை அதுல பழகினதும் சி மேஜருக்கு வந்து, ரி அமுக்கும்போதே கட்டைவிரல உள்ளங்கைக்கு அடியில நகத்த ஆரம்பிச்சு, க ஒலிக்கும்போது அது ம மேல ரெடியா இருக்குற மாதிரி, க-ம க-ம மட்டும் மெட்ரோனோம (டிக் டிக்னு தாளம் குடுக்குற கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சு தெனமும் வாசிச்சேன். இப்ப ஒரே சீரா ஓடுது. எஃப் மேஜருக்கு மட்டும் வலது கை 1 2 3 4 1 2 3 4, ஏன்னா நாலாவது சுரம் கறுப்புக் கட்டை.