பாவு வயலின், ஊடை குரல்

என் தாத்தா குழித்தறியில் நெய்தவர். அவர் போன பிறகு அந்தத் தறியைப் பற்றி ஒரு கவிதை எழுதி, அம்மாவை வாசிக்கச் சொல்லி, ஆறு நிமிடக் குறும்படமாக எடுத்தேன். அதற்கு எடுத்துக்கொண்ட இசை, 1670களில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பணியாற்றிய இசையமைப்பாளர் பைபரின் பாசகாலியா. தனி வயலின், பக்கவாத்தியமே கிடையாது. கவிதையையும் பரோக் இசையையும் (பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) ஒரு படத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கு, அந்த வேலையில் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் குரலைப் பதிவுசெய்யுங்கள், இசை இல்லாமல். நான் முதல் நாள் அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டி இசையைக் கேட்டபடி வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் ராகம்போல இழுத்துவிட்டார். மறுநாள் இரவு மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, வெறும் பேச்சாக வாசிக்கவைத்தேன். 'நாடா' (ஊடை நூலைத் தறியில் குறுக்கே ஓட்டும் கருவி) என்ற சொல்லுக்குப் பின் அவர் மூச்சு வாங்கியது அப்படியே பதிவானது. அதை வெட்டவில்லை. அத்தகைய மூச்சுகளைத் துடைத்துவிட்டால் குரல் அறிவிப்பாகிவிடும்.

இனி இசை. அந்தப் பாசகாலியாவின் அடியில் நான்கு சுரங்கள்தான்: நம் கணக்கில் ஸ நி த ப என்று இறங்குகின்றன. அவை 65 முறை திரும்பத் திரும்ப வரும், மாற்றமெல்லாம் மேலேதான். நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்கு அது பாவாகவே, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலாகவே, கேட்டது. குரல் அதில் ஊடையாக, குறுக்கு நூலாக, ஓட வேண்டும்.

ஒரு தாளில் 65 கோடுகள் போட்டு, எந்தச் சுற்றில் வயலின் அடர்த்தியாக ஓடுகிறது, எதில் நிதானிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கவிதை வரிகளுக்கு நிதானமான சுற்றுகள், படிமங்களுக்கு அடர்த்தியானவை. இசை படத்தைவிட நீளமாக இருந்தால் சுற்று முடியும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொரு சுற்றும் ஸ-வில் தொடங்குவதால் தையல் அவ்வளவாகத் தெரியாது.

வரி எங்கே தொடங்க வேண்டும் என்பதில்தான் நான் அதிக நாள் செலவிட்டேன். ஸ-வோடு சேர்த்துத் தொடங்கினால் குரலும் வயலினும் முட்டிக்கொண்டன. ப-வில் இசை நிற்கும்போது காது அடுத்த ஸ-வுக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்குள் முதல் சொல்லை விட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது.

ஒலிக்கலவையில் இசையைக் குரலுக்கடியில் பாய்போல விரிக்காதீர்கள். என் முந்தைய படத்தில் அப்படிச் செய்து, சொற்களின் கடைசி எழுத்தே பலருக்குக் கேட்கவில்லை. வயலினின் அடித் தந்தி வழக்கமான சுருதியில் 196 ஹெர்ட்ஸ். பெண் குரலின் சுருதியும் பெரும்பாலும் அந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். மெய்யெழுத்துகளின் தெளிவுக்கு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை முக்கியம். பேச்சு வரும் இடங்களில் அந்தப் பகுதியில் வயலினை 3 டெசிபெல் குறைத்தேன், போதுமாக இருந்தது. பரோக் இசையில் பக்கவாத்தியமாக வரும் ஹார்ப்சிகார்டு (தந்திகளை மீட்டி ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்) வேண்டாம் என்பேன். அதன் ஒவ்வொரு மீட்டலும் வல்லினத்தோடு மோதும்.

உரிமை விஷயத்தில் கவனம் தேவை. பைபர் 1704இல் மறைந்தார், இசையமைப்பு எல்லோருக்கும் சொந்தம். ஆனால் ஒருவர் வாசித்துப் பதிவுசெய்த ஒலிக்குத் தனி உரிமை உண்டு. நான் ஒரு வயலின் மாணவியிடம் ஊதியம் கொடுத்து வாசிக்கவைத்தேன். இன்றைய பரோக் கலைஞர்கள் பலர் செய்வதுபோல சுருதி சேர்க்க அடிப்படையாகக் கொள்ளும் ஏ (A) சுரத்தை 440க்குப் பதில் 415 ஹெர்ட்ஸில் வைக்கச் சொன்னேன். அரைச்சுரம் இறங்கியதும் தந்தியின் விறைப்பு தளர்ந்து, ஒலி அம்மாவின் குரலோடு இழைந்தது.

படத்தைக் கடைசியில் வெட்டுங்கள், ஒலிக்கு ஏற்ப. தறியின் உண்மையான சத்தத்தை நான் ஒரே இடத்தில் வைத்தேன்: கடைசி வரிக்குப் பிறகு, வயலின் ப-வில் நின்றதும். ஸ வரவில்லை, மிதியின் சத்தம் வந்தது.