ஆப்பிரிக்கானா ஸ்டடீஸ்: புதிதாகச் சேருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் ஆப்பிரிக்கானா துறையில் பாடம் எடுக்கிறேன். ஆப்பிரிக்கர்களையும், உலகெங்கும் பரவிய அவர்களின் வழிவந்தவர்களையும் பற்றிப் படிக்கும் துறை இது. செப்டம்பரில் அறிமுக வகுப்பு தொடங்கும். அக்டோபரில் முதல் கட்டுரைகள் கைக்கு வரும்போது, நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் எங்கள் வகுப்பே செய்த தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப வந்திருக்கும். இப்போது இந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடைசி ராத்திரியில் கட்டுரை எழுதாதே, பேராசிரியரைப் போய்ப் பார் என்பதெல்லாம் எல்லாத் துறைக்கும் பொது, அதை விட்டுவிடுகிறேன்.

கதையை 1619-இல் தொடங்குவது

1619 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். பாதிக் கட்டுரைகளின் முதல் வரி இதுதான். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. இன்றைய அங்கோலாவில் இருந்த ந்டோங்கோ அரசின் மீது போர்ச்சுகீசியர் நடத்திய போரில் பிடிபட்டவர்கள் அவர்கள். மெக்சிகோவின் வெராகுரூஸுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலை ஆங்கிலேயக் கொள்ளைக் கப்பல்கள் மறித்ததால் வர்ஜீனியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளவே மத்திய ஆப்பிரிக்க அரசியல் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் இந்தக் கணக்கையும் பாருங்கள். அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர்; உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. இன்றைய அமெரிக்க நிலப்பரப்புக்கு நேரடியாக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்குப் போனவர்கள் சுமார் 48 லட்சம். அடிமைகளாக இருந்தவர்களே போரிட்டு வென்று 1804-இல் அமைத்த நாடு ஹைட்டி. அதனிடமே 1825-இல், முன்பு அதை ஆண்ட பிரான்ஸ் 15 கோடி பிராங்க் நட்டஈடு கேட்டு வாங்கத் தொடங்கியது. அமெரிக்காவை மட்டும் படித்துப் பட்டம் வாங்கினால் இதெல்லாம் அடிக்குறிப்பாகவே நின்றுவிடும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கரீபியன், பிரேசில், ஆப்பிரிக்கா ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றிய பாடத்தை எடுத்துவிடுங்கள்.

இந்தத் துறை எப்படி வந்தது என்று தெரியாமல் சேர்வது

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் தொடங்கிய மாணவர் வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது. 1969 அக்டோபரில் வாசர் கல்லூரியின் மெயின் கட்டடத்துக்குள் 34 கறுப்பின மாணவிகள் புகுந்து அதைக் கைப்பற்றினார்கள். இப்படி மாணவர்கள் போராடி வாங்கிய துறை இது. வரலாறு, இலக்கியம், சமூகவியல், இசை எல்லாம் ஒரே துறையில் ஏன் இருக்கின்றன, வளாகத்துக்கு வெளியே இருக்கும் மக்களுக்கு இந்தப் படிப்பால் என்ன பயன் என்ற கேள்வி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது இந்த வரலாறு தெரிந்தால்தான் விளங்கும். பிடித்த நாவல்களை மட்டும் படித்துவிட்டு வெளியேறலாம் என்று வருகிறவர்கள் மூன்றாம் ஆண்டில் திணறுவதைப் பார்க்கிறேன்.

பேட்டியிலிருந்து பிடித்த வரியை வெட்டி ஒட்டுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வரவழைப்பது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1936 முதல் 1938 வரை, பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற முதியவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தது. 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகள். எல்லாம் இப்போது காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டால் மேற்கோள் வந்து விழும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் நூறு வயதைத் தாண்டியதாகச் சொன்ன ஒரு மூதாட்டி இருந்தார். 1937-இல் ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி அவரைப் பேட்டி எடுத்தார். அதில் அவர் பெயர் சூசன் ஹாம்லின். எஜமானர் நல்லவர், அவருடைய மனைவி வீட்டாரும் நல்லவர்கள், அடிமைகளை அன்பாக வைத்துக்கொண்டார்கள் என்று பேட்டி போகிறது. அதே திட்டத்துக்காக அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பினத்தவர் எடுத்த இன்னொரு பேட்டி இருக்கிறது. அதில் பெயர் சூசன் ஹாமில்டன். அதே மூதாட்டிதான். அங்கே அவர் லாட்சனை ‘மகனே’ என்று கூப்பிட்டுப் பேசுகிறார். ஒருவருக்குக் கசையடி விழும்போது மற்ற அடிமைகளை நிறுத்திவைத்துப் பார்க்கச் செய்ததைச் சொல்கிறார். பெண்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு அடித்ததைச் சொல்கிறார். ராத்திரி கல்யாணம் நடந்து, விடிந்ததும் மணப்பெண்ணை விற்றுவிட்ட கதையைச் சொல்கிறார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பட்லர் தன் குறிப்பின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்: வாசலில் உட்கார்ந்திருந்த சூசன், தன்னை உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று நினைத்துக்கொண்டார், தான் அதைத் திருத்தவில்லை. ஏற்கெனவே அந்த அலுவலகத்தின் உதவி பெற்ற ஓர் ஏழைக் கறுப்பின மூதாட்டி, இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தென்பகுதியில், அரசு ஆள் என்று நம்பிய ஒரு வெள்ளைக்காரியிடம் வேறு என்ன சொல்லியிருப்பார்?

பட்லரின் குறிப்பில் உள்ள இந்த முதல் பத்தியைப் படிக்காமல் மாணவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். என்னிடம் படித்த கெட்டிக்கார மாணவி ஒருத்தி, நான்காம் ஆண்டு ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுவதையும் இப்படிப்பட்ட ‘நல்ல எஜமானர்’ வரிகளின் மேல் கட்டியிருந்தாள். அவள் எடுத்துக்காட்டிய பேட்டிகளைப் பக்கம் பக்கமாகத் திறந்து, யார் எடுத்தது, எந்த ஊரில், எப்படிப்பட்ட கேள்வி கேட்டு என்று பார்க்கச் சொன்னேன். சமர்ப்பிக்க ஒரு மாதமே இருந்தபோது அத்தியாயம் சரிந்தது. அந்த ஏப்ரலில் அவள் தூங்கவே இல்லை. இதை முதல் ஆண்டிலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்ட ஆசிரியர்கள்மீதும் எனக்குக் கோபம்தான்.

எச்சரித்தால் உடனே எதிர்ப்பக்கம் தாவுகிறவர்களும் உண்டு. வெள்ளையர் எடுத்த பேட்டி எல்லாம் பொய், தூக்கிப் போடு என்பார்கள். அதுவும் சோம்பேறித்தனம்தான். பட்லரின் பேட்டி, 1937-இல் ஒரு கறுப்பினப் பெண் பிழைத்திருப்பதற்காக எதை விழுங்கி எதைப் பேச வேண்டியிருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி. அதை அந்தக் கேள்விக்குப் பயன்படுத்துங்கள். எஜமானரின் குணத்துக்கு நற்சான்றாகப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று: அந்தப் பேட்டிகளில் காணும் கொச்சை எழுத்துக்கூட்டல் பேட்டி எடுத்தவர் எழுதியது. பேசியவரின் வாயிலிருந்து வந்த ஒலியை அவர் தன் காதுக்கும், மேலிடம் அனுப்பிய வழிகாட்டுதலுக்கும் ஏற்ப எழுதினார். அதை வைத்துப் பேசியவரின் அறிவை அளக்காதீர்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் விடுதலை வந்தபோது குழந்தைகளாகவோ வளரும் பருவத்தினராகவோ இருந்தவர்கள் என்பதையும் மறக்காதீர்கள். வயலில் முழுநாள் உழைத்த அம்மாவின் அனுபவமும் குழந்தையின் நினைவும் ஒன்றாகிவிடாது.

பழைய நூலில் வரும் இனவெறி வசைச் சொல்லை வகுப்பில் உரக்க வாசிப்பது

வேண்டாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்பின மாணவரிடம் விளக்கம் கேட்பது

அவரும் உங்களைப் போலப் படிக்க வந்தவர்தான்.

இரண்டாம் வாரமே சாதியோடு முடிச்சுப் போடுவது

நம் பிள்ளைகள் செய்யும் தவறு இது. ‘எங்கள் ஊரிலும் இப்படித்தான்’ என்று ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒப்பிடுவதில் தப்பில்லை, ஆனால் அதற்கு ஆவணம் இருக்கிறது. 1873-இல் சாதி எதிர்ப்புச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ (அடிமைத்தனம்) நூலை, அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டுமென்று அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்ஸ் பதிலும் போட்டார். தென்னாப்பிரிக்காவில் ஸ்டீவ் பிக்கோவின் கறுப்பு உணர்வு இயக்கம் இந்திய வம்சாவளியினரையும் கறுப்பர் என்ற அடையாளத்துக்குள் சேர்த்துக்கொண்டது. அந்த வம்சாவளியினரில் 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் போய்ச் சேர்ந்தவர்களின் வழிவந்தவர்களும் உண்டு. இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் நல்ல ஆய்வேடே எழுதலாம்.

மொழியைத் தள்ளிப்போடுவது

ஹைட்டி பற்றி எழுத ஆசை, பிரெஞ்சு தெரியாது. பிரேசில் பற்றி எழுத ஆசை, போர்ச்சுகீசியம் தெரியாது. மூன்றாம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தால் தலைப்பையே மாற்ற வேண்டியதுதான். முதல் பருவத்திலேயே மொழி வகுப்பில் சேருங்கள். நியூயார்க் ஹார்லெமில் இருக்கும் ஷோம்பர்க் மையம் போன்ற காப்பகத்துக்குப் போவதாக இருந்தால், அங்குள்ள காப்பாளருக்கு முன்கூட்டியே எழுதி, எந்தப் பெட்டிகள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நேரில் போய் நின்றபிறகு கேட்டால், அன்றே கையில் கிடைக்கும் என்று உறுதி இல்லை.