நிதியியல் முதலாம் ஆண்டு: சீட்டிலிருந்து தொடங்குங்கள்

ஹட்டனிலோ பதுளையிலோ தமிழ்மொழி மூலம் வணிகப் பிரிவில் உயர்தரம் முடித்து நிதியியல் பட்டத்துக்குப் போகிறவர்கள் முதல் பருவத்தில் இடறுவது கணக்கீட்டில் அல்ல. பேரேடும் ஐந்தொகையும் ஏற்கெனவே கைவந்தவை. பணத்தின் காலப் பெறுமதிதான், அதாவது இன்று கையில் வரும் ரூபாய் பின்னால் வரும் ரூபாயைவிடப் பெறுமதி கூடியது என்ற கணக்குதான், காலை வாரும். பிணைமுறி, பங்கு மதிப்பீடு, குத்தகை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. விரிவுரை தொடங்குமுன் இரண்டு வாரம் இதற்கே ஒதுக்குங்கள்.

வீட்டுச் சீட்டை எடுங்கள். பத்துப் பேர், மாதம் 5,000 ரூபாய், ஏலமில்லாத சீட்டு. முதல் ஆளுக்கும் 50,000, கடைசி ஆளுக்கும் 50,000. மாத வட்டி 1% என்றால், கடைசி ஆளுக்கு ஒன்பது மாதம் கழித்து வரும் 50,000ஐ 1.01இன் 9ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும்: இன்றைய பெறுமதி 45,717. முதற்சீட்டுக்கு ஏன் அத்தனை போட்டி என்பதற்கு விடை அந்த 4,283 ரூபாய்.

அடுத்தது கடன். ஒரு லட்சம், 12 மாதம், ஃபிளாட் ரேட் 12%. வட்டி 12,000ஐச் சேர்த்து 12ஆல் வகுத்தால் தவணை 9,333. குறைந்து செல்லும் மீதிக்கு அதே 12% வட்டி போட்டால் தவணை 8,885தான். மாதாமாதம் கடன் மீதி குறைந்து வந்தும் ஃபிளாட் ரேட்டில் முழு லட்சத்துக்கும் வட்டி ஓடுவதால், உண்மையான ஆண்டு வீதம் 21%ஐத் தாண்டும். குறையும் மீதி அட்டவணையைப் பன்னிரண்டு வரியும் கையாலேயே எழுதுங்கள். கடைசி மீதி ஓரிரு ரூபாய் பிசகினால் தசமப் பிழை, விட்டுவிடலாம். ஆயிரக்கணக்கில் பிசகினால், பெரும்பாலும் ஆண்டு வீதத்தை 12ஆல் வகுக்க மறந்திருப்பீர்கள்.

எக்செல்லுக்கு அதன்பிறகு போங்கள். அதன் என்பிவி (NPV, நிகர இன்றைய பெறுமதி) சூத்திரம் முதல் தொகையே முதலாம் காலப்பகுதியின் முடிவில் வருவதாக எடுத்துக்கொள்ளும். ஆரம்ப முதலீட்டை அடைப்புக்குள் போட்டால் விடை பிழையாகும். கழித்தல் குறியோடு வெளியே சேருங்கள்.

ஆங்கிலச் சொற்களிலும் ஒரு பொறி உண்டு. 'டிஸ்கவுண்ட்' என்றதும் உயர்தரத்தில் படித்த வியாபாரக் கழிவுதான் நினைவுக்கு வரும். இங்கே அது எதிர்காலத் தொகையை இன்றைக்குக் கொண்டுவரும் கழிவீடு. சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை மட்டும் எழுதாமல், ஒரு வரிக் கணக்கையும் எழுதிவையுங்கள்.

இவ்வளவும் பிடிபட்டதும், கொழும்புப் பங்குச் சந்தை இணையத்தளத்தில் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கையைத் திறந்து, தலைவரின் செய்தியைத் தாண்டி, ஓய்வுகால நலன் பற்றிய குறிப்புக்கு நேரே போங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியான நாட்சம்பளத் தொழிலாளிக்கு வேலையை விட்டு விலகும்போது, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேர வேண்டும். அது பல வருடம் கழித்துக் கொடுபடுவதால் கம்பனி அதைக் கழிவீடு செய்தே கடப்பாடாகக் காட்டுகிறது. கழிவீட்டு வீதம் 1% குறைந்தால் கடப்பாடு எவ்வளவு ஏறும் என்ற அட்டவணையும் அங்கேயே இருக்கும். ஏன் இறங்காமல் ஏறுகிறது என்பதைச் சீட்டுக் கணக்கில் 1%ஐ 0.5% ஆக்கிப் போட்டுப் பாருங்கள்.