மாக் டிராஃப்ட் விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் டிராஃப்ட் ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் நடக்கிறது. ஏழு சுற்றுகளில் 32 அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. யார் எங்கே போவார்கள் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தும் மாக் டிராஃப்டுகள் மாதக்கணக்கில் வெளிவந்துகொண்டே இருக்கும். அவற்றையொட்டி எழும் வாக்குவாதங்கள் முடிவின்றி நீள்வதற்கு முதல் காரணம், அணி யாரை எடுக்கப்போகிறது என்ற கேள்வியையும் யாரை எடுப்பது அணிக்கு நல்லது என்ற கேள்வியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான். ஒரு பட்டியலை மறுக்கத் தொடங்கும் முன், அதை எழுதியவர் இவற்றில் எதற்குப் பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, மாக் டிராஃப்டில் வீரருக்குக் கிடைத்த இடத்தையே அவருடைய மதிப்பாக எடுத்துக்கொள்வது. 2023இல் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர்) வில் லெவிஸ் முதல் சில இடங்களுக்குள் போய்விடுவார் என்று பலர் கணித்திருந்தனர். முதல் சுற்று முடிந்தும் அவர் பெயர் அழைக்கப்படவில்லை, இரண்டாம் சுற்றில் 33ஆவதாக டென்னசி டைட்டன்ஸ் எடுத்தது. 2025இல் முதல் சுற்றுக்குரியவராகப் பேசப்பட்ட ஷெடூர் சாண்டர்ஸ் ஐந்தாம் சுற்றில், 144ஆவதாகத்தான் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்குப் போனார். அதே பிரவுன்ஸ் மூன்றாம் சுற்றிலேயே டில்லன் கேப்ரியல் என்ற வேறொரு குவாட்டர்பேக்கை எடுத்திருந்தது. இவர்கள் "சரிந்தார்கள்" என்கிறோம். அந்த உயரத்தில் அவர்களை வைத்தது வெளியில் இருந்தவர்களின் கணிப்பே தவிர, அணிகளின் பட்டியல் அல்ல. மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் நேர்காணல்களும் அணிகளிடம் இருக்கின்றன. மாக் டிராஃப்ட் எழுதுபவருக்கு அவை கசிந்த அளவே தெரியும். பிறர் கணித்ததற்கு முன்பே ஒருவரை எடுத்த அணியை அவசரப்பட்டது என்று பழிப்பதும் இதே பிழைதான்.

அணியின் தேவையை இந்த ஆண்டின் வெற்றிடங்களை வைத்து மட்டும் கணக்கிடுவதும் பலரிடம் காணப்படும் பழக்கம். 2024இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் கிர்க் கசின்ஸை நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடி டாலர் வரை மதிப்புள்ள ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டு, அடுத்த மாதமே எட்டாவது தேர்வில் இன்னொரு குவாட்டர்பேக்கான மைக்கேல் பெனிக்ஸை எடுத்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அதை விமர்சிக்க நியாயம் உண்டு. ஆனால் "அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்" என்பது மட்டும் போதுமான வாதமாகாது. குவாட்டர்பேக்காகப் பிரெட் ஃபார்வ் இருக்கும்போதே 2005இல் கிரீன் பே பேக்கர்ஸ் 24ஆவதாக ஆரன் ராஜர்ஸை எடுத்தது. அலெக்ஸ் ஸ்மித் ஆடிக்கொண்டிருந்தபோதே 2017இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் பத்தாவதாகப் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. பின்னாளில் அந்த அணிகளுக்குத் தூணானவர்கள் இவர்கள்தான்.

அணிகள் தங்கள் தேர்வு வாய்ப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் பேரங்களைப் பற்றிப் பேசும்போது கொடுக்கும் விலையை மறந்துவிடுகிறோம். 1990களில் டல்லாஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் புழக்கத்தில் விட்ட மதிப்பட்டவணையில் முதல் தேர்வுக்கு 3000 புள்ளிகள், 32ஆவதற்கு 590. அதாவது, முதல் சுற்றின் இறுதித் தேர்வைப் போன்ற ஐந்து தேர்வுகள் சேர்ந்தால்தான் முதல் தேர்வை ஏறத்தாழ எட்ட முடியும். இதை ஒருமுறை கூட்டிப் பார்த்தாலே, "இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்துவிட்டு மேலே போகலாம்" என்ற ஆசைகளில் பெரும்பாலானவை நிற்காது. வருங்காலத் தேர்வுகளின் விலையோ யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. 2023இல் பிரைஸ் யங்குக்காக முதலிடத்துக்கு ஏறிய கரோலைனா பாந்தர்ஸ், சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தவற்றுள் 2024இன் முதல் சுற்றுத் தேர்வும் ஒன்று. பாந்தர்ஸ் அந்தப் பருவத்தில் கடைசி இடத்துக்கு இறங்கியதால் அதுவே முதலாவது தேர்வாகி, பேர்ஸ் அதைக் கொண்டு கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

2022இன் கடைசித் தேர்வான 262ஆவது இடத்தில் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் எடுத்து, பின்னர் அந்த அணியின் முதன்மைக் குவாட்டர்பேக்காக உயர்ந்த பிராக் பர்டியைச் சுட்டிக்காட்டி, குவாட்டர்பேக்கைக் கடைசிச் சுற்றில் தேடிக்கொள்ளலாம் என்று வாதிடுவது பிசகு. அவர் அப்படி ஆடுவார் என்று அந்த அணிக்கே தெரிந்திருந்தால் கடைசி வரை காத்திருந்திருக்குமா? அவரைப் போலக் கடைசியில் எடுக்கப்பட்டு, ஓர் ஆட்டத்திலும் இறங்காமல் போனவர்களை இந்த வாதம் எண்ணுவதே இல்லை.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே அணிகளின் தேர்வுகளுக்கு மதிப்பெண் இடுவதைத் தவிர்ப்பது நல்லது. முதல் சுற்று வீரரின் நான்காண்டு ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு; அவருடைய மூன்றாவது பருவம் முடிந்தபின் மே மாதத் தொடக்கத்துக்குள் அந்த முடிவை எடுத்தாக வேண்டும். 2021இல் மூன்றாவது தேர்வுக்கு ஏறுவதற்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை விட்டுக்கொடுத்து 49அர்ஸ் எடுத்த டிரே லான்ஸ், அந்த அணியில் நான்கு ஆட்டங்களை மட்டுமே தொடங்கினார். 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்காகக் கவ்பாய்ஸுக்குக் கைமாற்றப்பட்ட அவருக்கு, 2024இல் அந்த ஐந்தாம் ஆண்டு கிடைக்கவில்லை.