குன்றல் பகுப்பு குழப்புகிறதா? கம்பளி நூலை எடுங்கள்

விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும் செல் பிரிவான மியாசிஸ் எனும் குன்றல் பகுப்பைக் கட்டம் கட்டமாக மனப்பாடம் செய்தால் மறுநாளே மறந்துவிடும், அதனால் சிவப்பு, நீல நூலோடு உட்காருங்கள். சிவப்பு அம்மா தந்த குரோமோசோம், நீலம் அப்பா தந்தது. ஒவ்வொரு நிறத்திலும் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, மொத்தம் நான்கு. பகுப்புக்கு முன்பே டிஎன்ஏ இரட்டிப்பாகிவிடும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் அதே போல ஒரு நகல் வெட்டி இரண்டையும் நடுவில் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். முடிச்சுதான் சென்ட்ரோமியர். குரோமோசோமை எண்ணும்போது முடிச்சை எண்ணுங்கள், இழையை அல்ல.

சரி, இப்போது நீளச் சிவப்பையும் நீள நீலத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒவ்வோர் இழையின் நுனியை மட்டும் ஒரே அளவு வெட்டி மாற்றி ஒட்டுங்கள். குறுக்கே கலத்தல் இதுதான். அப்புறம் ஜோடிகளைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் தள்ளுங்கள், முடிச்சில் மட்டும் கை வைக்காதீர்கள். இதுதான் முதல் பகுப்பு, இரண்டு செல்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு இரண்டாகக் குறைவது இங்கேதான். பலரும் இரண்டாம் பகுப்பில் என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்த இரண்டாம் பகுப்பு சுலபம்: மறுபடி நகல் எடுக்காமல் முடிச்சை அவிழ்த்தால் இழை ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோம், செல்கள் நான்கு. மனிதரில் 46 இப்படித்தான் 23 ஆகிறது. எந்த நிறம் எந்தப் பக்கம் போகும் என்பது ஜோடிக்கு ஜோடி தற்செயல், குறுக்கே கலத்தலைச் சேர்க்காமலேயே மனிதரின் 23 ஜோடிகளுக்கு 83 லட்சத்துக்கும் மேல் சேர்க்கைகள்.